கின்னியின் முன்னால் ஒன்பது விநாடி

எனக்குப் பொய் சொல்ல வராது. கோபம் நன்றாக வரும். இப்படிப்பட்டவளை மேலதிகாரிகளுக்குப் பிடிக்காது. ஆனாலும் சான்யால் சாருக்கு அந்தக் கணக்கெடுப்புக்கு இப்படி ஒருத்திதான் தேவைப்பட்டாள். டிசம்பர் மாதம் ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கடிகாரம் ஒன்றையும் ஒரு கட்டுப் படிவத்தையும் கொடுத்தார்.

ஹூக்ளி ஆற்றங்கரையில், கொல்கத்தாவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் தள்ளி இருக்கிறது எங்கள் மிருகக்காட்சி சாலை. யானை, வெள்ளைப்புலி என்றெல்லாம் கேட்காதீர்கள். மான்கள், குரங்குகள், முதலை, இரண்டு கரடி, மலைப்பாம்பு, காது கிழிய வைக்கும் கிளிகள். எல்லாம் தாண்டிக் கடைசி மூலையில், நாணல் நட்ட சின்னக் குளமும் முன்பக்கம் கண்ணாடிச் சுவருமாக ஒரு கூண்டு. அதில் கின்னி. வங்காளத்தில் வீட்டை ஆள்கிற அம்மாவுக்குக் கின்னி என்று பெயர். அவளைப் பராமரிக்கும் துலால் வைத்த பெயர் அது. கின்னி ஒரு பாக்ரோல், அதாவது மீன் பிடித்துத் தின்னும் காட்டுப்பூனை. வீட்டுப் பூனையைப்போல் இரண்டு மடங்கு இருப்பாள். சாம்பல் உடம்பு, கறுப்புப் புள்ளி, கட்டையான வால். நாலு வருடத்துக்கு முன் பொறியில் சிக்கிப் பின்னங்கால் ஒன்று போன நிலையில் வந்தாள். வந்த புதிதில் பதினோரு நாள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் துலால் கையிலிருந்து ஒரு கெண்டைக் குஞ்சை வாங்கித் தின்றாள். அன்று துலால் ஊழியர்கள் எல்லோருக்கும் ரசகுல்லா வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு மகள் பிறந்தபோதுகூட அப்படிக் கொடுத்ததில்லை.

சான்யால் சார் எங்களுக்குப் புதுக் கண்காணிப்பாளர். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் எண்ணாத எதையும் நம்பமாட்டார்.

"மிஸஸ் ஹால்தார், இருபத்தஞ்சாந்தேதி, பெரிய நாள்லேர்ந்து நாலு நாள். ஒவ்வொரு கூண்டு முன்னாலயும் நூறு பேர். கூண்டுப் பக்கம் திரும்பினதும் அமுக்குங்க, கால் நகர்ந்ததும் நிறுத்துங்க. சராசரி ஒரு நிமிஷத்துக்குக் கீழ போனா, அந்தப் பிராணிக்கு இங்க இடம் கிடையாது. வடக்க ஒரு பெரிய மிருகக்காட்சி சாலை அதை எடுத்துக்கத் தயாரா இருக்கு. அந்த இடத்துல போட்டோ எடுக்க ஒரு புலிச் சிலை வெச்சிடலாம்."

"சிலையா? உசிரோட இருக்கறத அனுப்பிட்டு?"

"ஜனங்க பாக்காத மிருகத்தை வெச்சு என்ன பண்றது? யாருக்காக? நீங்களே சொல்லுங்க."

நான் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எரிச்சலில் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினேன்.

துலாலுக்கு விஷயம் எட்டியதும் ஓடி வந்தான். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். கின்னியை ஒரு நிமிடம் யார் நின்று பார்ப்பார்கள்? வடக்கே போக லாரியில் இரண்டு நாள். "அவ தாங்க மாட்டா தீதி. அன்னிக்குப் பதினோரு நாள் பட்டினி கெடந்தா. இப்ப வயசாயிடுச்சு. போற வழியிலயே முடிஞ்சிடும்," என்றான். அவன் மிகைப்படுத்தவில்லை என்பது எங்கள் கால்நடை மருத்துவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது.

டிசம்பர் இருபத்தைந்தை நாங்கள் பெரிய நாள் என்போம். கிறிஸ்தவரோ இல்லையோ, அன்றைக்கு ஊரே மிருகக்காட்சி சாலைக்கு வந்துவிடும். மிருகத்தைப் பார்க்கவா வருகிறார்கள்? வெயில் காய வருகிறார்கள். புல்லில் போர்வை விரித்து, லூச்சிப் பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் பரப்பி, ஆரஞ்சு உரித்துக்கொண்டு, குரங்குக் குல்லா போட்ட பெரியவர்கள் குரங்கைப் பார்த்துச் சிரிப்பார்கள். யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று குரங்குக்கே சந்தேகம் வரும்.

காலை ஒன்பது மணிக்குக் கின்னியின் கூண்டருகே போய் நின்றேன். அவள் வழக்கம்போல நாணலுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தது ஒரு காதும் கொஞ்சம் முதுகும்.

"என்னது இது?"

"பூனை."

"பூனையைப் பாக்கவா டிக்கெட் எடுத்தோம்? வா, முதலை எங்கன்னு பாரு."

எட்டு விநாடி. அடுத்தவர் பதினொன்று. அதற்கடுத்த புதுமணத் தம்பதி முப்பது விநாடி நின்றார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் அந்தப் பெண் கண்ணாடிச் சுவரில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதையும் எழுதினேன், படிவம் கால் நகர்வதைத்தானே கேட்டது. எழுபது பேர் முடிந்தபோது சராசரி ஒன்பது விநாடி.

துலால் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "தீதி, ஒவ்வொரு ஒன்பதுக்கு முன்னாடியும் ஒரு ஆறு போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சா உலகத்துக்கே தெரிஞ்ச மாதிரியா?"

"ஆமா. போய் வேலையப் பாரு."

அவன் போய் மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அங்கே ஆரம்பித்தது வினை. பனிக்கட்டியில் கிடந்த செத்த கடல்மீன் அது. ரயில் நிலையச் சந்தையில் மீன் வெட்டுகிற, ஊருக்கே சித்தியான பஞ்சமி மாஷி தன் குடும்பத்தோடு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். வாளியை எட்டிப் பார்த்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்ப்பா, இதையா அதுக்குப் போடுற? என் கடை வாசல் நாய்கூட இதைத் தாண்டிப் போயிடும்."

"ஆபீஸ்ல குடுக்கறதுதான் மாஷி."

"வங்காளத்துப் பூனைக்குக் கடல்மீனா? கெண்டை போடு. ஆத்துக் கெண்டை."

குரங்குக் குல்லா போட்ட பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரராம், போகிறவர் நின்றுவிட்டார். "கெண்டையா? அதுல என்ன இருக்கு, முள்ளுதான். பூனைக்கு இலிஷ் மீன்தான் போடணும். எங்க வீட்டுப் பூனை இலிஷ் தவிர வேற எதையும் மோந்துகூடப் பாக்காது."

"அப்ப உங்க வீட்டுப் பூனை பட்டினியிலயே போய்ச் சேந்திருக்குமே தாத்தா. இலிஷ் இப்ப என்ன விலை தெரியுமா?"

"நாங்க எல்லைக்கு அந்தப் பக்கம் பத்மா ஆத்துக் கரையிலேர்ந்து வந்த குடும்பம். விலை கேட்டா மீன் வாங்குவோம்?"

"அதான் சொத்தெல்லாம் தீந்து குடும்பமே இங்க வந்து நிக்குதாக்கும்!"

போதாதா? மீன் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், எங்கள் ஜனங்களின் காலில் வேர் விட்டுவிடும். ஒருவர் இறாலுக்கு வக்காலத்து வாங்கினார். ஒரு மருமகள், மாமியார் பக்கத்தில் நிற்பதையும் மறந்து, அந்த வீட்டில் மீனில் வெங்காயம் போடுகிற அநியாயத்தை ஊரறியச் சொல்லிவிட்டாள். முப்பது பேர் கூடிவிட்டார்கள். என் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம், பத்து, பதினான்கு. துலாலின் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஒரு வெளிச்சம்.

ஆனால் முப்பது பேரும் கின்னிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கண்கூட அந்தப் பக்கம் போகவில்லை. நான் கடிகாரத்தை நிறுத்தி, அந்த எண்ணை அழித்தேன்.

துலால் பாய்ந்து வந்தான். "கால் நகரல தீதி! கால் நகந்தாதான்னு சார் சொன்னாரு!"

"முதுகைப் பார்வைன்னு எழுத எனக்குக் கை வராது."

"பொட்டு வெச்ச பொண்ணை எழுதினீங்களே?"

"அவ கண்ணாவது கூண்டுப் பக்கம் இருந்துச்சு."

"உங்க நேர்மையால ஒரு உசிரு போவப்போவுது," என்றான். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் நான் எழுதவில்லை.

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருவர் முன்னால் வந்தார். பெயர் கானாய் மன்னா. மீன்குஞ்சு விற்பவர். அதிகாலைச் சந்தையில் குஞ்சு விற்றுவிட்டு, பெரிய நாளாயிற்றே என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கையில் அலுமினியப் பானை, உள்ளே தண்ணீர். குஞ்சு வியாபாரிகளுக்கு அந்தப் பானையை ஆட்டிக்கொண்டே இருக்கிற பழக்கம், ஆட்டாவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். பேசும்போதும் கை ஆட்டிக்கொண்டேதான் இருந்தது.

"அண்ணே, வீட்டுக்குன்னு ரெண்டு வெரால் வெச்சிருக்கேன், உசிரோட. அதை உட்டுப் பாருங்க. எதைத் திங்கும்னு அதுவே சொல்லிட்டுப் போவுது. எதுக்கு இத்தனை சண்டை?"

அவர் மனைவி முறைத்தாள். இரவுச் சமையல் அது. துலால் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பானையை வாங்கிப் பின்கதவு வழியாகப் போய் இரண்டு விராலையும் குளத்தில் விட்டுப் பானையைத் திருப்பிக் கொடுத்தான்.

விரால் ஒன்று துள்ளியது. நாணலுக்குள் அந்தக் காது திரும்பியது.

கின்னி எழுந்து வந்தாள். மூன்று காலில் நொண்டி நொண்டி, அவசரமே இல்லாமல், குளத்தின் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். முன்னங்காலை நீட்டித் தண்ணீரின் மேல் மெல்லத் தட்டினாள். பூச்சி விழுந்ததென்று மீன் மேலே வரும், அதற்காக. தட்டினாள், காத்திருந்தாள், மறுபடி தட்டினாள். பஞ்சமி மாஷி பேச்சைப் பாதியில் விட்டாள். தபால்காரத் தாத்தா குல்லாவைக் கழற்றினார். அடுத்த கணம் கின்னி தலைகுப்புறத் தண்ணீருக்குள் போனாள். உடம்பு முழுக்க உள்ளே போய், வால் மட்டும் வெளியே. பூனை தண்ணீருக்குப் பயப்படும் என்று பிறந்ததிலிருந்து நம்பியிருந்த ஜனம் வாயைப் பிளந்து நின்றது. வெளியே வந்தபோது வாயில் விரால் குறுக்காகத் துடித்தது. நனைந்த முகத்தோடு எங்களை ஒரு பார்வை பார்த்தாள். நாலு வருடமாக அங்கே வேலை செய்கிற நானே அதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலைந்தபின் கானாய் மட்டும் அங்கேயே நின்றார். பானையை ஆட்டும் கை நின்றுவிட்டிருந்தது.

"தீதி, இதுக்குத்தான் பாக்ரோல்னு பேரா?"

"ஆமா."

"எங்க ஊர்ல போன மழைக்கு ஒண்ணை அடிச்சோம்." குரல் இறங்கியது. "குளத்து மீனைத் திருடுது, புலிக்குட்டி, ஆளைக் கடிக்கும்னு சொன்னாங்க. எனக்குச் சித்தப்பா மொறை, போலா காக்காதான் மொதல்ல கம்பை எடுத்தாரு. நான் விளக்கு புடிச்சேன். அதுக்கு மொகம் இருந்ததையே நான் பாக்கல தீதி. அடிச்சு முடிச்சப்புறம் பாக்கறதுக்கு என்ன இருந்துச்சு?"

அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன்; வரவில்லை. துலால்தான் பேசினான். மீன் மட்டுமல்ல, வயல் எலியையும் தின்னும், பாம்பையும் பிடிக்கும், மனிதனைக் கண்டால் ஓடிவிடும் என்றான். கின்னியின் கால் போனதும் அப்படி ஒரு குளத்துப் பொறியில்தான் என்றான். கானாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். மாலை மணியடித்து வாயிலை மூடும்வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை. போகும்போது என்னிடம் வந்தார்.

"இனிமே ஒண்ணு வந்தா யாருக்குச் சொல்றது?"

என் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

மிச்சமிருந்த முப்பது பேரில் விரால் பிடித்ததைப் பார்த்தவர்கள் நாலைந்து நிமிடம் நின்றிருந்தார்கள். அப்படியும் சராசரி நாற்பத்தெட்டு விநாடிதான் வந்தது. கானாய் நின்ற மூன்று மணி நேரத்தையும் ஒரு வரியாக எழுதியிருந்தேன், அதைச் சேர்த்தால் இரண்டு நிமிடத்தைத் தாண்டும். சான்யால் சார் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"அரை மணிக்கு மேல நிக்கறவங்க மிருகத்தைப் பாக்கல, இளைப்பாறுறாங்க. விதி அது, மிஸஸ் ஹால்தார். நீங்களும் விதிப்படிதானே எழுதினீங்க?"

"அவரு இளைப்பாறல சார். அழுதாரு."

"அதுக்குப் படிவத்துல எடம் இல்லையே." அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். அதற்காக முடிவை மாற்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கானாய் ஒரு சரக்கு வண்டி நிறைய ஊராரை ஏற்றிக்கொண்டு வந்தார். இருபத்தாறு பேர். கம்பு எடுத்த போலா காக்காவும் வந்திருந்தார், அறுபது வயது, பாறை மாதிரி உடம்பு. கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்று கின்னி தட்டித் தட்டி மீன் பிடிப்பதைப் பார்த்தார். கணக்கெடுப்பு முடிந்துபோயிருந்தது, யாரும் அதை எண்ணவில்லை. கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி நடுவில் கின்னியை ஏற்றிப்போக இரும்புக் கூண்டு வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை லாரி. துலால் மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை. காலையில் என்னைக் கண்டால் வாளியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவான். நான் வீட்டில் இரண்டு தரம் சாதத்தைத் தீய விட்டேன். நேர்மைக்காரி என்று பெயர் எடுத்து என்ன பயன், ஒரு வாயில்லாச் சீவனை அனுப்பிவைக்கிற காகிதத்தில் என் கையெழுத்துதானே இருந்தது.

புதன்கிழமை பதினோரு மணி. கூண்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி சான்யால் சார் கூப்பிட்டிருந்தார். துலாலும் சுவரோரமாக நின்றான். பேனாவைத் திறந்தபோது என் கைப்பேசி அடித்தது. கானாய்.

"தீதி! எங்க குளத்து வலையில ஒண்ணு மாட்டிக்கிச்சு. பாக்ரோல்."

"அடிச்சிட்டாங்களா?"

"கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க, நாய் கொரைக்குது, காதுல விழல."

நான் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். இரண்டு கையையும் ஊன்றிக் கத்தினேன். "அடிச்சிட்டாங்களான்னு கேட்டேன்!"

"இல்ல தீதி. யாரும் கை வைக்கல. ஊரே சுத்தி நிக்குது. போலா காக்கா கம்பை வெச்சுக்கிட்டு நாயை வெரட்டறாரு. பொம்பளைங்க பொடவையைக் கட்டி மறைச்சிருக்காங்க, வெயில் படக்கூடாதுன்னு. ஆனா வலை கழுத்துல இறுக்குது, எங்களுக்கு எடுக்கத் தெரியல. சீக்கிரம் வாங்க தீதி. அதுக்குப் பயமா இருக்கு."

சான்யால் சார் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்குப் பயமா இருக்கா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார். "வனத்துறைக்கு நான் பேசறேன். துலால், டாக்டரைக் கூப்பிடு. அந்தக் கூண்டை வண்டில ஏத்து."

"கின்னிக்கு வந்த கூண்டையா சார்?"

"வேற கூண்டு இருக்கா? ஏத்து."

ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். கானாய் சொன்னது அப்படியே இருந்தது. குளத்தங்கரையில் மூங்கில் நட்டு, பழைய புடவைகளைக் கட்டி நிழல் செய்திருந்தார்கள். கைக்குழந்தையின் வாயைக்கூட ஒருத்தி பொத்திக்கொண்டிருந்தாள். வனத்துறை ஆட்களும் வந்துவிட்டார்கள். டாக்டர் ஊசி போட்டு, வலையை அறுத்து, புண்ணுக்கு மருந்து வைத்தார். பெரிய காயம் இல்லை. மயக்கம் தெளியும்வரை கூண்டில் வைத்துக் காத்திருந்தோம். சான்யால் சார் வரப்பில், சேற்றில், கால்சட்டையோடு உட்கார்ந்துவிட்டார். அவர் யாரென்று அறியாத ஒரு கிழவி, "தலையைக் குனிப்பா, எங்களுக்கு மறைக்குது," என்றாள். அவர் குனிந்தார்.

நாலு மணிக்கு நாணல் ஓரமாகக் கதவைத் திறந்தோம். அது கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றது. பிறகு ஒரே பாய்ச்சல். நாணல் அசைந்து அசைந்து தூரத்தில் ஓய்ந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. போலா காக்கா மட்டும் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். அவர் தோள் குலுங்கியது. கானாய் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

திரும்பும்போது வண்டியின் பின்னால் கதவு திறந்த இரும்புக் கூண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடகடத்தது. துலால் மூன்று வாரத்துக்குப் பிறகு என் பக்கம் ஒரு பொட்டலம் பொரியை நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். ரயில் கடவையில் வண்டி நின்றபோது சான்யால் சார் முன் இருக்கையிலிருந்து, திரும்பாமலே பேசினார்.

"துலால், அந்தக் கூண்டை நல்லாக் கழுவி வை. நாளைக்கு லாரி வந்ததும் திருப்பி அனுப்பிடு."

துலால் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான்தான் கேட்டேன். "கின்னியோடயா சார்?"

"காலியா," என்றார்.